டிராகன் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிக்கிற கேள்வி இல்லை இது. புத்தகக் கடையில் பிள்ளை மங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸ் ஒன்றை எடுத்து நீட்டுகிறது. அட்டையில் முடி சிலிர்த்து நிற்கிற ஒரு பையன், முஷ்டியை மடக்கியிருக்கிறான். உள்ளே புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அடிதடி. வாங்கிக் கொடுக்கலாமா, வேண்டாமா? பெற்றோர் கேட்கிறார்கள்; பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். சண்டைக் காமிக்ஸ் எல்லாம் ஒரே ரகம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. பிள்ளை எதையாவது படித்தால் போதும் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே புத்தகத்தைத் திறக்காமல் எடுக்கிற முடிவுகள்.

திறந்து பார்ப்போம். பின்னால் வந்த சண்டை மங்காக்கள் பலவற்றுக்கும் முன்னோடி என்று சொல்லத்தக்க தொடரையே எடுத்துக்கொள்ளலாம்: அகிரா டோரியாமாவின் 'டிராகன் பால்'. 'ஒன் பீஸ்' வரைந்த எய்ச்சிரோ ஓடாவும் 'நருட்டோ' வரைந்த மசாஷி கிஷிமோட்டோவும் இதைப் படித்து வளர்ந்தவர்கள். இந்தத் தொடரை எடைபோடத் தெரிந்துகொண்டால் அந்த வரிசையில் வருகிற மற்றவற்றையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். சண்டை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவே அந்தப் பாத்திரங்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கதாசிரியர் சண்டையைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது அங்கேதான் வெளிப்படும்.

முதலில் இது பிறந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டோரியாமா 1955-இல் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், நகோயா நகரத்தை ஒட்டிய பகுதியில் பிறந்தவர். விளம்பர நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருந்துவிட்டு மங்காவுக்கு வந்தார். 1980 முதல் 1984 வரை 'டாக்டர் ஸ்லம்ப்' என்ற நகைச்சுவைத் தொடர் பெரிய வெற்றி. அது முடிந்த கையோடு 1984-இன் இறுதியில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 'டிராகன் பால்' தொடங்கியது. 1995 வரை வாரத்துக்குச் சுமார் 15 பக்கம் என்று வரைந்து தள்ளினார். மொத்தம் 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். இத்தனைக்கும் அவருக்கு இருந்தது ஒரே ஓர் உதவியாளர்.

அந்த வார இதழின் குணம் தெரியாமல் இந்தக் கதையின் குணம் புரியாது. அது பையன்களுக்காக நடத்தப்பட்ட இதழ். நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்றும் அதன் கொள்கை. உள்ளே ஒரு அஞ்சல் அட்டை இருக்கும். படித்த பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். அட்டைகள் குறைந்த தொடர் நிறுத்தப்படும். 'டிராகன் பால்' ஆரம்பத்தில் ஒரு தேடல் கதையாக, வேடிக்கையும் பயணமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது வாக்குகள் சரிந்தன. தொடரின் பதிப்பாசிரியர் கசுஹிக்கோ டோரிஷிமாவும் டோரியாமாவும் உட்கார்ந்து பேசிக் கதையைச் சண்டைப் போட்டியின் பக்கம் திருப்பினார்கள். வாக்குகள் ஏறின. அதன் பிறகு கதை போன திசையை ஒவ்வொரு வாரமும் அஞ்சல் அட்டை எழுதிய பள்ளிப் பையன்களும் சேர்ந்துதான் தீர்மானித்தார்கள் என்று சொல்லலாம். இந்தத் தொடரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பத்து, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எது பிடிக்கும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு எது நல்லது என்று அது எப்போதும் நின்று யோசிப்பதில்லை. 1995 புத்தாண்டையொட்டிய இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சானது. அந்த உச்சத்துக்கு இந்தத் தொடரும் ஒரு முக்கியக் காரணம்.

கதையின் வேர் சீனத்தில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற நாவலில், புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குப் புறப்படும் துறவிக்குத் துணையாக ஒரு குரங்கு வீரன் வருவான். அவன் பெயரின் ஜப்பானிய உச்சரிப்புதான் இந்தத் தொடரின் நாயகன் பெயர், சோன் கோகு. நீளும் கோல், ஏறிப் பறக்கும் மேகம், கூடவே வரும் பன்றி எல்லாமே அங்கிருந்து வந்தவை. அந்தத் துறவிப் பாத்திரத்துக்கு மூலமான யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம் வரை வந்து அதைப் பற்றி எழுதி வைத்தவர். பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். கோகுவைப் பார்க்கும் பார்வையே மாறும். மூலக்கதையின் புனிதப் பயணத்தை எடுத்துவிட்டு, ஏழு பந்துகளைச் சேர்த்தால் ஒரு டிராகன் தோன்றி ஒரு வரம் தரும் என்று டோரியாமா மாற்றினார். ஜாக்கி சானின் படங்கள் மீது அவருக்கு இருந்த பிரியம் மீதியைச் செய்தது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கோகுவும் அவனுடைய சக மாணவன் குரிலினும் மாஸ்டர் ரோஷி என்ற ஆமை முனிவரிடம் சண்டைக் கலை கற்கப் போகிறார்கள். அவர் முஷ்டியை மடக்கவே சொல்லித் தருவதில்லை. விடியற்காலையில் வீடு வீடாகப் பால் போடச் சொல்கிறார். வெறுங்கையால் வயலைக் கிளறச் சொல்கிறார். கட்டட வேலைக்கு அனுப்புகிறார். நடுவில் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்க வைக்கிறார். பிறகு வயிறாரச் சாப்பாடு, அதன் பிறகு தூக்கம். கொஞ்சம் பழகியதும் ஒவ்வொருவர் முதுகிலும் 20 கிலோ ஆமை ஓட்டைக் கட்டி அதே வேலைகளை மறுபடி செய்யச் சொல்கிறார். மாதக்கணக்கில் இதேதான். கடைசியில் ஓட்டை அவிழ்த்துவிட்டுக் குதிக்கச் சொன்னால் பையன்கள் வானத்துக்குப் போய்விடுகிறார்கள். குதித்த பிறகுதான் அவர்களுக்கே விளங்குகிறது, இத்தனை நாள் பால் போட்டதும் மண் கிளறியதும் எதற்கு என்று.

அடுத்து வருகிற போட்டியில் கோகு இறுதிச் சுற்றுக்குப் போகிறான். எதிரில் நிற்கும் கிழவர் ஜாக்கி சுன். அது வேஷம், உள்ளே இருப்பது ரோஷியேதான். முதல் போட்டியிலேயே ஜெயித்துவிட்டால் பையன்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும், கற்பதை நிறுத்திவிடுவார்கள் என்ற கவலையில் குருவே மாறுவேஷத்தில் இறங்கித் தன் சீடனைத் தோற்கடிக்கிறார். கோகு தோற்கிறான். தன்னைவிடப் பலமானவர் ஒருவர் இருக்கிறார் என்பதில் அவனுக்கு மகிழ்ச்சி. மூன்று வருடம் கழித்து அடுத்த போட்டி. இறுதிச் சுற்றில் டென்ஷின்ஹானோடு மோதி நூலிழையில் அதிலும் தோற்கிறான். மூன்றாவது போட்டியில்தான் பட்டம். கதாநாயகன் முதல் இரண்டு பட்டங்களையும் கோட்டைவிடுகிற ஒரு சண்டைக் கதையை, வாராவாரம் வாக்குக் கேட்டு நின்ற ஒரு இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். மதிப்பெண் குறைந்தால் முகம் தொங்கிப்போகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதே முதல் போட்டியில் நாமு என்று ஒருவன் வருகிறான். இந்தியச் சாயலில் வரையப்பட்ட பாத்திரம். அவன் ஊரில் வறட்சி. பரிசுப் பணத்தில் தண்ணீர் வாங்கிக்கொண்டு போவதற்காகப் போட்டியில் சேர்ந்திருக்கிறான். ஜாக்கி சுன் வேஷத்தில் இருக்கும் ரோஷி அவன் மனதைப் படித்துவிடுகிறார். நாமுவோடு மோதும் கோகு சண்டையில் விட்டுக்கொடுக்கவில்லை, ஜெயித்தேவிடுகிறான். பிறகு ரோஷி நாமுவைத் தனியே அழைத்து, இந்த ஊரில் தண்ணீருக்கு யாரும் காசு வாங்குவதில்லை என்று சொல்லி, நிறையத் தண்ணீரை அடைத்து எடுத்துப்போக ஒரு மாயக் குப்பியையும் கொடுக்கிறார். போட்டியில் நேர்மையும் மனிதனிடம் இரக்கமும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கின்றன. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துப் பழகிய ஊர்களில் இந்த இடம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்காமலேயே புரியும்.

இன்னும் ஒன்று. தன்னைத் தோற்கடித்த கொலைகாரன் ஒருவனை எதிர்க்க கோகு ஒரு நெடிய தூணில் ஏறுகிறான். உச்சியில் கோரின் என்ற பூனை முனிவர் இருக்கிறார். அவரிடம் இருக்கும் புனித நீரைக் குடித்தால் பலம் பல மடங்கு ஆகுமாம். குடுவையைப் பூனையிடமிருந்து பறிக்க ரோஷிக்கு மூன்று வருடம் ஆனது; கோகு மூன்று நாளில் பறித்துக் குடிக்கிறான். குடித்த பிறகு தெரிகிறது, அது சாதாரணத் தண்ணீர். தூணில் ஏறியதும் பூனையைத் துரத்தியதும்தான் அவனை வளர்த்திருக்கின்றன.

இந்தப் பகுதிகளைப் படித்துவிட்டுச் சண்டைகளுக்குத் திரும்பினால் அவற்றின் பொருளே வேறாகத் தெரியும். அடிதான் கதை என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, அடிக்குப் பின்னால் மாதக்கணக்கான உழைப்பு இருப்பதைப் பார்த்துவிடுகிறது. ஒரு சண்டைக் கதை செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை அதுதான் என்பது என் எண்ணம்.

எதிரிகளை நடத்துகிற விதத்தையும் கவனியுங்கள். யம்சா வழிப்பறிக்காரனாக அறிமுகமாகிறான், நண்பனாகிறான். டென்ஷின்ஹான் கொலைகாரனாக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன். கோகுவோடும் ரோஷியோடும் மோதுகிற அந்தப் போட்டியின் நடுவிலேயே தன் குருவை விட்டு விலகுகிறான். கோகுவைக் கொல்லவே பிறந்தவன் பிக்கோலோ. அவன்தான் பின்னால் கோகுவின் நான்கு வயது மகன் கோஹானைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் விட்டுப் பயிற்சி கொடுக்கிறான். அந்தக் குழந்தை தன்னை அரக்கனாகப் பார்க்காமல் இயல்பாகப் பேசியது அவனை உருக்கிவிடுகிறது. நாப்பா என்பவன் கோஹானை நோக்கி வீசிய தாக்குதலுக்குக் குறுக்கே நின்று பிக்கோலோ உயிரை விடும் இடம் முழுத் தொடரின் சிகரம். அதற்குப் பிறகு 20-க்கும் மேற்பட்ட தொகுதிகள் வருகின்றன. அந்த உயரத்தை அபூர்வமாகத்தான் தொடுகின்றன.

நல்லதைச் சொல்லியாயிற்று. கெட்டதை மழுப்பக் கூடாது.

முதல் தொகுதியைத் திறந்தால் பல பெற்றோர் பத்தே பக்கத்தில் மூடிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. புல்மா என்ற பதினாறு வயதுப் பெண்ணை அவள் அறியாமல் பார்ப்பது, தொடுவது, உதவி வேண்டுமானால் உடலைக் காட்டு என்று ரோஷி கேட்பது, இவையெல்லாம் நகைச்சுவையாக வருகின்றன. கோகு மலையில் தனியாக வளர்ந்தவன், அவனுக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது என்று கதை ஒரு சாக்கு வைத்திருக்கிறது. ரோஷிக்கு அந்தச் சாக்கும் கிடையாது. இவ்வளவு நல்ல குருவாக வரையப்பட்டவரே பெண்கள் விஷயத்தில் இவ்வளவு கேவலமாக நடந்துகொள்வதும், அதைக் கதை சிரித்துக்கொண்டே கடந்துபோவதும் இந்தத் தொடரின் மேல் எனக்குள்ள மிகப் பெரிய குறை. அந்தக் காலத்துப் பையன்கள் இதழில் இப்படிப்பட்ட நகைச்சுவை சாதாரணம் என்பது வரலாறு. வரலாறு விளக்கம் தரும், மன்னிப்புத் தராது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் விக்கோமிக்கோ மாவட்டத்தில் 2009-இல் ஒன்பது வயதுப் பையன் பள்ளி நூலகத்திலிருந்து இந்தத் தொகுதியை வீட்டுக்குக் கொண்டுவர, தாய் புகார் செய்ய, மாவட்டப் பள்ளிகளிலிருந்தே தொடர் அகற்றப்பட்டது. மொத்தமாக அகற்றியதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்கு அது போனது தவறுதான். ஆங்கிலப் பதிப்பு பதின்பருவத்தினருக்கு உரியது என்ற குறியோடுதான் வருகிறது. அந்தக் குறியைப் பார்க்காமல் அடுக்கிய அலமாரிதான் அங்கே பிழை செய்தது.

இன்னொரு குறை, வெளி மக்களை வரைந்த விதம். மிஸ்டர் போபோ என்ற பாத்திரத்தின் கரிய முகமும் பெருத்த உதடுகளும், கறுப்பின மக்களைக் கேலி செய்த பழைய அமெரிக்கச் சித்திரங்களின் நேர் வாரிசு. பின்னால் வந்த ஆங்கிலப் பதிப்புகளில் அந்த உதடுகளைத் திருத்தி வெளியிட்டார்கள். ஜெனரல் புளூ என்ற வில்லனை ஆண்களை விரும்புகிறவன் என்பதற்காகவே கேலிப்பொருளாக்கியிருப்பதும் இதே ரகம். நம் பிள்ளைகள் நிறத்துக்காகப் பள்ளியில் கேலி செய்கிறார்கள், கேலி செய்யப்படுகிறார்கள். அந்தப் பக்கம் வரும்போது பேசாமல் தாண்டிப் போகாதீர்கள்.

பெண்களுக்கு இங்கே இடம் குறைவு. புல்மா அறிவாளி, டிராகன் பந்துகளைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்தவள் அவளே. அவள் இல்லாவிட்டால் கதையே தொடங்கியிருக்காது. ஆனாலும் சண்டை பெரிதாகப் பெரிதாக அவள் ஓரத்துக்குப் போய்விடுகிறாள். சி-சி நல்ல சண்டைக்காரி. கோகுவை மணந்த பிறகு மகனைப் படி படி என்று விரட்டுகிற அம்மாவாக மட்டும் மிஞ்சுகிறாள். கதை அவளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. நான் சிரிப்பதில்லை. நான்கு வயதுக் குழந்தையை வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டைக்கு அனுப்புகிற அத்தனை பேருக்கும் நடுவே, வேண்டாம் என்று சொல்கிற ஒரே ஆள் அவள்தான். கோஹானும் கடைசியில் அவள் ஆசைப்பட்டபடி படிப்பாளியாகத்தான் ஆகிறான். பெண்பிள்ளைகள் இந்தத் தொடரை விரும்பிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு இதில் கோகு கிடைக்கிறான், தங்களைப் போன்ற ஒருத்தி கிடைப்பதில்லை.

17-ஆம் தொகுதியில் கோகு வளர்ந்து, தகப்பனாகி வருவதிலிருந்து கதையின் நிறம் மாறுகிறது. அங்கிருந்து வருகிற பகுதியைத்தான் அமெரிக்கப் பதிப்பாளர்கள் 'டிராகன் பால் இசட்' என்று தனியாகப் பிரித்து 26 தொகுதிகளாக விற்றார்கள். 2000-களில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்ததும் இந்தப் பகுதியின் தொலைக்காட்சி வடிவம்தான். தொலைக்காட்சியில் ஒரு சண்டைக்கு முன்னால் முறைத்துக்கொண்டு நிற்பதிலேயே ஒரு நாள் பாகம் முடிந்துவிடும்; அச்சில் இருந்த கதையைத் தொடர் எட்டிப் பிடித்துவிடாமல் இருக்க அப்படி இழுத்தார்கள். புத்தகத்தில் அந்த இழுவை இல்லை. வேகமாகப் போகும். கூடவே கொடுமையும் கூடுகிறது. நகரங்கள் சாம்பலாகின்றன. உடலைத் துளைத்துக்கொண்டு தாக்குதல்கள் போகின்றன. நாமெக் கிரகத்தில் ஊர் ஊராகக் கொல்கிறார்கள். செல் என்ற பிராணி மனிதர்களை உறிஞ்சிக் குடிக்கிறது.

இவற்றில் ஃப்ரீஸா வருகிற நாமெக் பகுதிக்கு நான் வக்காலத்து வாங்குவேன். கிரகங்களில் வாழ்கிறவர்களை அழித்துவிட்டு, காலியான கிரகத்தை விற்பது அவன் தொழில். அந்தக் காலத்து ஜப்பானில் ஆட்களை விரட்டிவிட்டு நிலத்தை வளைத்து விற்றவர்களை மனதில் வைத்துத்தான் அவனை உருவாக்கியதாக டோரியாமா சொல்லியிருக்கிறார். குரல் உயர்த்தாமல், மரியாதையாகப் பேசிக்கொண்டே கொல்கிறவன். வில்லன் என்றால் கத்துவான் என்று பழகிய பிள்ளைக்கு, நயமாகப் பேசுகிறவனும் கொடியவனாக இருக்கலாம் என்று காட்டுகிற பாத்திரம் அது.

எனக்கு உறுத்துவது இரத்தத்தைவிட மரணம் மலிந்துபோவதுதான். முதல் முறை குரிலின் கொல்லப்படும்போது கோகுவோடு நாமும் அதிர்கிறோம். டிராகன் அவனை எழுப்பிவிடுகிறது. அடுத்து இன்னொருவர், பிறகு ஊரே, பிறகு உலகமே. பந்துகளைச் சேர்த்தால் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு யார் செத்தால் என்ன? ஒரு முறை எழுப்பியவரை மறுபடி எழுப்ப முடியாது என்று டோரியாமா ஒரு விதி வைத்தார். பிறகு வேறு கிரகத்தில் வேறு பந்துகளைக் கொண்டுவந்து அந்த விதியைத் தானே தளர்த்திவிட்டார். வாராவாரம் முன்கூட்டித் திட்டம் இல்லாமல் வரைந்தவர் அவர். அதன் விலை இது.

அடுத்தது எண்கள். ராடிட்ஸ் என்பவன் கண்ணில் ஒரு கருவி மாட்டிக்கொண்டு பூமியில் இறங்குகிறான். துப்பாக்கியோடு நிற்கும் விவசாயியின் பலம் 5 என்று அது காட்டுகிறது. கோகுவுக்கு 334. ஃப்ரீஸா தன் பலம் 5 லட்சத்து 30 ஆயிரம் என்று சொல்லும்போது படிக்கிற பிள்ளைக்கு மயிர்க்கூச்செறியும். இந்த எண்களை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் கதையை நிதானமாகப் படித்தால், அந்தக் கருவியை நம்பியவர்கள் எல்லாரும் ஏமாந்துபோவது தெரியும். அழுதுகொண்டிருந்த கோஹானின் பலம் கோபத்தில் ஒரு நொடியில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ராடிட்ஸ் கருவி பழுது என்று நினைத்து அடி வாங்குகிறான். மனிதனை எண்ணால் அளக்க முடியாது என்றுதான் டோரியாமா தொடங்கினார். பிற்பாடு, யார் யாரைவிடப் பெரியவன் என்ற அதே கணக்கில் கதையே சிக்கிக்கொண்டது உண்மை. ஆமை ஓட்டோடு பால் போட்ட நாட்கள் காணாமல் போய், கோபம் வந்தால் பலம் வரும் என்றாகிவிட்டது. உழைப்புக்குப் பதிலாகக் கோபம் பலம் தருகிற பக்கங்களைப் பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பது நல்லது.

தொடர் தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. செல்லோடு நடக்கும் கடைசிச் சண்டையில் கோகு பாதியில் விலகிக்கொண்டு, பத்துப் பதினோரு வயது மகன் கோஹானை முன்னால் தள்ளுகிறான். மகனுக்குள் பெரிய பலம் இருக்கிறது, கோபம் வந்தால் வெளிப்படும் என்று அவன் கணக்கு. அதோடு நிற்காமல் சண்டை சமமாக இருக்கட்டும் என்று எதிரிக்கே மருந்தும் கொடுக்கிறான். அப்போது பிக்கோலோ கோகுவைப் பார்த்துச் சீறுகிறான்: அவன் உன்னைப் போலச் சண்டையை விரும்புகிறவன் இல்லை, அங்கே அடிபட்டுக்கொண்டு, அப்பா ஏன் உதவிக்கு வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான் என்ற பொருளில் பேசுகிறான். இது உனக்குத் தெரியுமா, அவனிடம் கேட்டாயா என்பதுதான் கேள்வி. கோகுவிடம் பதில் இல்லை. தன் ஆசையைப் பிள்ளையின் மேல் ஏற்றி, அதைப் பிள்ளையின் திறமை என்று நம்பிவிட்ட ஒரு தகப்பனை, லட்சக்கணக்கான பையன்கள் வழிபட்ட நாயகனிலேயே காட்டிவிட்டார் டோரியாமா. பிள்ளைக்காக வாங்குகிற புத்தகத்தில் பெற்றோருக்கு எழுதியது போல ஒரு பக்கம் இது. நீட் பயிற்சிக்குப் பணம் கட்டுகிற வீடுகளில் இதை உரக்கப் படிக்கலாம்.

ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். சண்டைக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கமிருந்து வந்தது, விழுந்தவர் மேடையின் விளிம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பது டோரியாமாவின் பக்கங்களில் ஒருபோதும் குழம்பாது. கோடு சுத்தமாக இருக்கும். வசனமே இல்லாமல் பக்கம் பக்கமாகக் கதை நகரும். எழுத்தைக் கண்டால் மலைக்கிற பிள்ளைகள்கூட இந்தப் பக்கங்களில் தடுமாறுவதில்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நடந்ததைத் தாங்களே யூகித்துக்கொண்டு போகிறார்கள். புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும் என்பதும் அவர்களுக்குச் சில பக்கங்களில் பழகிவிடும், நமக்குத்தான் நாளாகும். கோகு 'சூப்பர் சயன்' என்ற அதிபல வடிவத்துக்கு மாறும்போது முடி வெளுப்பது பலருக்கும் பிடித்த காட்சி. கோகுவின் கரிய முடிக்கு மை பூசவே நேரம் போகிறதே, அந்த வேலையைக் குறைக்கலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று டோரியாமா சொல்லியிருக்கிறார். வாரம் 15 பக்கம் என்ற பாரம் அப்படிப்பட்டது.

அவர் 2024 மார்ச் 1-ஆம் தேதி, 68 வயதில் காலமானார். உலகெங்கும் அவருடைய வாசகர்கள் துக்கம் அனுசரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இதைப் பிள்ளைகளாக இருந்தபோது படித்தவர்கள்.

முடிவாகக் கேட்டால் இப்படிச் சொல்வேன். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாராளமாகக் கொடுக்கலாம். முதல் தொகுதியை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் பக்கங்களைப் பற்றி மகனிடமும் மகளிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள், கிழித்து எறிய வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். பயிற்சியும் போட்டிகளும் நிறைந்த முதல் 16 தொகுதிகள் பள்ளி நூலகத்தின் மேல் வகுப்பு அலமாரியில் இருக்கத் தகுதியானவை. 17 முதல் 28 வரை கொஞ்சம் முதிர்ந்த பிள்ளைகளுக்கு. அதற்குப் பிறகு செல் பகுதியை அந்தத் தகப்பன் மகன் காட்சிக்காகவே படிக்கலாம். கடைசி ஏழு தொகுதிகளைப் பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக வாங்க வேண்டியதில்லை. எதை வாங்கினாலும், பிள்ளை படித்து முடித்ததும் யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். கோகு ஏன் தோற்றான் என்று கேளுங்கள்.